புதிய வரவும் பழைய மேடையும்

எந்தச் சின்ன ஊர்க் கிளை நூலகத்துக்குப் போனாலும் வாசலில் இரண்டு பலகைகள் இருக்கும். ஒன்றில் 'புதிய வரவுகள்' என்று தலைப்புப் போட்டுப் புத்தகங்களின் பெயர்களைச் சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். இன்னொன்றில் நூலக வார விழா, வாசகர் வட்டக் கூட்டம், கட்டுரைப் போட்டி என்று நோட்டீஸ்களை ஒட்டியிருப்பார்கள். நாவலை விமர்சிக்கிறோம். கவிதையைக் கட்டுடைக்கிறோம். சினிமா போஸ்டரைக்கூடப் பிரதி என்று எடுத்துவைத்துப் பேசுகிறோம். இந்தப் பலகைகளும் பிரதிகள்தான். இதில் எது எழுதப்படுகிறது, எது எழுதப்படாமல் விடப்படுகிறது என்று வாசித்தால் ஊர் தெரியும், சேரி தெரியும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் தெரியும். நான் அந்த இரண்டு பலகைகளையும் சேர்த்து வாசிக்க முயற்சி செய்கிறேன்.

நான் போய்வருகிற நூலகம் வட மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கிறது. எங்க காலனியிலிருந்து மூணு கிலோமீட்டர். இருபத்தஞ்சு வருசமா அங்க போய்வர்றேன். எம்.ஏ. தமிழ் படிச்சதுக்குக் காலேஜைவிட அந்த ஓட்டுக் கட்டிடம்தான் காரணம். அதனால நூலகத்தைக் கேவலப்படுத்துறதுக்காக இதை எழுதலை. அது எங்களுக்கும் உரியதுன்னு நெனைக்கிறதுனாலதான் எழுதுறேன்.

முதலில் புத்தகம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. வீட்டு வரி கட்டுகிற எல்லோரிடமும் அதோடு சேர்த்து இதையும் வசூலிக்கிறார்கள். இன்றைக்கு வீட்டு வரி நூறு ரூபாய் என்றால் நூலக வரி பத்து ரூபாய். எங்க அம்மா பேர்ல இருக்கிற ஒத்த ரூம் தொகுப்பு வீட்டுக்கும் இந்த வரி உண்டு. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அது அந்த நூலகத்துப் படியில கால் வெச்சதில்ல. ஆனா அது கட்டின வரியோட ரசீது எங்க வீட்டு டப்பாவுல கெடக்குது. ஊரில் மாடி வீட்டுக்காரன் கட்டுகிற அதே விகிதம்தான் எங்களுக்கும். இந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. புத்தகங்களை அரசாங்கம் நூலக ஆணை போட்டு வாங்கிக் கிளைகளுக்கு அனுப்புகிறது. அந்த ஆணையை வாங்குவதில் நடந்திருக்கிற அரசியல் தனிக்கதை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது, எங்க ஊர் ரைஸ்மில் முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு புத்தகம் வராமல் போகாது என்பதுதான். கட்டுப் பிரிக்கும்போது அதில் தலித் எழுத்தும் இருக்கும். நூலகர் பதிவேட்டில் எழுதி முத்திரை குத்தித்தான் ஆக வேண்டும்.

அப்படித்தான் பாமாவின் 'கருக்கு' வந்தது. பூமணியின் 'பிறகு' வந்தது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' வந்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' வந்தது. எங்க தெருவுக்குள்ள வர்றதுக்கு யோசிக்கிற ஊர்ல, எங்க வாழ்க்கையைச் சொல்ற புத்தகம் முத்திரையோட தட்டில் உட்கார்ந்திருக்கு. இது சின்ன விசயமில்லை. இதற்குப் பின்னால் ஒரு போராட்ட வரலாறே இருக்கிறது.

1924ஆம் வருசத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வருசம்தான் எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். அதே வருசம், அதே சென்னையில், சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எதிலும் தீண்டப்படாதவர்களாக ஆக்கப்பட்ட மக்கள் நடக்கவும் புழங்கவும் தடை கூடாது என்பது தீர்மானம். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டார். வாசகன் தனக்கான நூலைச் சென்றடைய வேண்டும், நூல் தனக்கான வாசகனைச் சென்றடைய வேண்டும் என்பது அதன் சாரத்தில் ஒன்று. நூலகர்கள் படிப்பில் இன்றைக்கும் இதுதான் அரிச்சுவடி. ஆனால் வாசகன் நூலிடம் போய்ச்சேர முதலில் தெருவில் நடந்தாக வேண்டும். அந்த விதியை எழுதியவர் இரட்டைமலை சீனிவாசன். நூலகர் தினம் என்று ஆகஸ்ட் 12இல் ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும். பக்கத்தில் இன்னொரு படமும் இருக்க வேண்டும் என்கிறேன்.

சரி, உள்ளே வந்த புத்தகத்தை என்ன செய்கிறார்கள்? அலமாரியை வாசிப்போம். எங்கள் நூலகத்தில் 'கருக்கு' நாவல் தட்டில் இருக்கிறது. 1992இல் வந்த அந்தப் புத்தகம் ஒரு பெண் தான் வாழ்ந்ததை எழுதியது. தலைவர்களும் தொழிலதிபர்களும் எழுதினால் அது தன்வரலாறு என்று தனித் தட்டில் இருக்கிறது. எங்க பொம்பள ஒருத்தி எழுதினா அது கதையாயிடுது. நடந்தது என்று அவர் சொன்னதை, கற்பனை என்று அந்தத் தட்டு சொல்லுகிறது. இதைச் செய்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. சாதி கெட்ட எண்ணத்தால் மட்டும் நடப்பதில்லை. எதை எங்கே வைப்பது என்ற பழக்கத்தாலும் நடக்கிறது.

அயோத்திதாசர் சமயத் தட்டில் இருக்கிறார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வாரப் பத்திரிகை தொடங்கி, இலக்கியம், வரலாறு, மருத்துவம், அரசியல் என்று எழுதித் தள்ளியவர் அவர். அந்த எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வெளிவந்தபோது தமிழ்ச் சிந்தனை வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருந்தது. புத்தரைப் பற்றி எழுதினார் என்ற ஒரே காரணத்துக்காக இங்கே அவர் கந்தர் சஷ்டிக் கவச உரைக்கும் ராசிபலனுக்கும் நடுவில் நிற்கிறார்.

அம்பேத்கர் தொகுதிகள் கண்ணாடிப் பீரோவில் இருக்கின்றன. தமிழில் 37 தொகுதிகள் வந்தன. எங்க நூலகத்துல இருக்கிறது பதினொண்ணு. பீரோவுக்குப் பூட்டு உண்டு. 'பார்வைக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. வெளியே நாற்சந்தியில் அவர் சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. உள்ளே அவர் எழுத்தைச் சுற்றிக் கண்ணாடி. இரண்டையும் பாதுகாப்பு என்றுதான் சொல்லுகிறார்கள்.

இப்போது இரண்டாவது பலகைக்கு வருவோம். நூலகத்தின் வருசத்தில் சில நாள்கள் உண்டு. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். ஆகஸ்ட் 12 நூலகர் தினம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இது போக வாசகர் வட்டம் நடத்துகிற கூட்டங்கள். பட்டிமன்றம், பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, சிறந்த வாசகருக்குப் பரிசு. இந்தக் கூட்டங்களுக்கு எதைப் பேசுவது, யாரை மேடையில் உட்கார வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

விழா நடத்தத் தனியாகப் பணம் இல்லை என்பார் எங்கள் நூலகர். மைக்செட், நாற்காலி, டீ, பொன்னாடை எல்லாவற்றுக்கும் ஊருக்குள் கேட்டாக வேண்டும். ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர். சுவரில் பெயர்ப் பலகையே இருக்கிறது. பெயர்களின் வாலைப் பார்த்தால் எந்தெந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். பணம் கொடுத்தவர் தலைமை. அவர் சொந்தக்காரர் முன்னிலை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிறப்புரை. நூலகரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஒரே ஆளாகக் கதவைத் திறந்து, பெருக்கி, பதிவேடு எழுதி, விழாவுக்கும் கையேந்துகிறவர் அவர். அவரை அப்படிக் கையேந்த விட்ட ஏற்பாட்டைச் சொல்லுகிறேன். புத்தகம் அரசாங்க ஆணையில் வருகிறது. கூட்டம் ஊர் ஆணையில் நடக்கிறது. முதல் பலகைக்கும் இரண்டாவது பலகைக்கும் உள்ள தூரம் இதுதான்.

அந்த நூலக வார மேடைக்குப் பந்தல் போடுவது யார்? எங்க பசங்கதான். நாற்காலி தூக்குறது, போஸ்டர் ஒட்டுறது, மழை பெஞ்சா மேல தார்ப்பாய் இழுக்கிறது எல்லாம் எங்க பசங்க. மேடைக்கு மேல ஏறிப் பேசுறதுக்கு மட்டும் தமிழ் தெரிஞ்சவங்க வேணுமாம்.

2022இல் 'கருக்கு' வெளிவந்து முப்பது வருசம் ஆனது. காலனியில் படித்த நாலைந்து பேர் சேர்ந்து, நூலக வாரத்தில் ஒரு மாலை அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டோம். பணம் நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றும் சொன்னோம். வாசகர் வட்டத்தில் பெரியவராக இருக்கிறவர் மரியாதையாகத்தான் பேசினார். "நல்ல புத்தகம்தான் தம்பி. நானும் படிச்சிருக்கேன். ஆனா பொது நிகழ்ச்சியில வெச்சா ஒரு தரப்புக்கு மட்டும்னு ஆயிடும். எதுக்கு வீண் பேச்சு? ஏப்ரல் 14க்கு ஜோரா வெச்சுக்கலாம்." அந்த வாரம் நடந்த பட்டிமன்றத்தின் தலைப்பு, கற்பில் சிறந்தவள் சீதையா, கண்ணகியா என்பது. அது பொது. அதற்கு யாரும் தரப்புக் கேட்கவில்லை.

இந்தப் 'பொது' என்ற சொல்லைத்தான் விமர்சனம் செய்ய வேண்டியிருக்கிறது. ஊர்ப் பொது, பொதுக் கோயில், பொதுக் கிணறு, பொதுப் பாதை. எங்க சனங்க காதுக்கு இந்தச் சொல் எப்பவும் 'உனக்கில்லை'ன்னுதான் கேட்டிருக்கு. சீதையைப் பற்றிப் பேசினால் மனித வாழ்க்கை. பாமாவின் பாட்டியைப் பற்றிப் பேசினால் சாதிப் பிரச்சினை. அந்தப் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை பார்த்ததையும், மேலே படாமல் தூக்கி ஊற்றிய தண்ணீரைக் குடித்ததையும் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. எங்களுக்கு அது தெரியும். ஊர்த் தெருப் பிள்ளைகள்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் அது எங்களைவிட அவர்களுக்குத்தான் பொதுப் புத்தகம்.

ஏப்ரல் 14 வந்தது. அரசாங்கம் 2022 முதல் அந்த நாளைச் சமத்துவ நாள் என்று கொண்டாடுகிறது. படத்துக்கு மாலை போட்டார்கள். உறுதிமொழி வாசித்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். பத்து நிமிசத்தில் முடிந்தது. 'கருக்கு' தட்டிலேயே இருந்தது. நூலகச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருக்கிறது. எங்க புத்தகத்துக்கும் உள்ளே இடம் உண்டு, அது அமைதி காக்கிறவரைக்கும்.

இந்த அமைதியால் யாருக்கு நட்டம்? நூலகத்தில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எங்க காலனிப் பொண்ணுங்க எட்டுப் பத்துப் பேர் டிபன் பாக்ஸோட வந்து காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் குரூப் 4 கைடைப் புரட்டுதுங்க. இதை இளக்காரமாகப் பார்க்கிற இலக்கியவாதிகள் உண்டு. எங்களுக்கு ஒரு அரசு வேலை என்பது மூன்று தலைமுறைக் கூலிக்கு முற்றுப்புள்ளி. அதனால் கைடு படிப்பது குறைச்சல் இல்லை. ஆனால் அந்தக் கைடில் பாமா ஒரு மார்க் கேள்வி. 'கருக்கு' நூலின் ஆசிரியர் யார்? விடை தெரியும். பத்தடி தள்ளி அந்தப் புத்தகம் இருப்பது தெரியாது. தன் வீட்டுக் கதையை ஒரு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணுகிற பொண்ணுக்கு, அந்தப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்க ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. புத்தகம் தானாக நடந்து போய் வாசகரைச் சேராது. பேச்சுதான் அதற்குக் கால்.

இந்த இடத்தில் நம்ம தோழர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "அவன்கிட்ட எதுக்குப் போய் நிக்கணும்? நம்ம தெருவுலயே அம்பேத்கர் படிப்பகம் இருக்கு. அங்க நம்ம புத்தகத்தை நாம பேசிக்கலாம்." படிப்பகங்களின் மேல் எனக்கு மரியாதை உண்டு. சேரிகளில் ஓலைக் கொட்டகையில் நடந்த இரவுப் பாடசாலைகளும் படிப்பகங்களும் இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. ஆனால் ஒரு பழைய கதையை மறக்கக் கூடாது. சென்னை மாகாணத்தில் நாங்கள் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையைக் கேட்டோம். அரசாங்கத்தின் தொழிலாளர் துறை எங்களுக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்தது. தாகம் தீர்ந்தது. பொதுக் கிணறு ஊருக்கே மிச்சமானது. படிப்பகம் நம்முடைய கிணறு. அது வற்றாமல் இருக்கட்டும். அதற்காக நம்ம வரியில் நடக்கிற பொது நூலகத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது நமக்குச் சங்கடமான காரணம். 2023இல் காலனியிலிருந்து பதினாலு பேர் நூலகத்தில் உறுப்பினர் ஆனோம். பிறகு வாசகர் வட்டத்திலும் போய் உட்கார்ந்தோம். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டோம். கடைசியில் 2024இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'புதிய வரவில் ஒரு நூல்' என்று மாதக் கூட்டம் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். நூலகத்துக்கு மறுபதிப்புப் பிரதி ஒன்று புதிதாக வந்திருந்ததால் 'கோவேறு கழுதைகள்' நாவலை எடுத்தோம். 1994இல் அது வந்தபோது தலித் விமர்சகர்களுக்குள்ளேயே பெரிய சர்ச்சை நடந்தது. பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு உள்ளே இருக்கிற ஒடுக்குமுறையை எழுதுவது எதிரிக்கு உதவும் என்றார்கள் சிலர். எழுதாமல் விட்டால் அதுவே எதிரியின் வேலைதான் என்றார்கள் வேறு சிலர்.

கூட்டத்துக்கு வந்தது பத்தொம்பது பேர். ஊர்த் தெருவிலிருந்து நாலு பேர். எங்க காலனி ஓரத்துல இருக்கிற அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு அக்காவும் வந்திருந்தது. பேசுறவங்க எல்லாம் பேசி முடிச்சப்புறம் அது எழுந்து நின்னுது. "நீங்க ஊரக் கேக்குறீங்க. கேளுங்க, ஞாயம்தான். நாங்க யாரக் கேக்குறது? உங்க வீட்டுச் சாவுக்குத் துணி எடுத்தவங்க நாங்க. உங்க படிப்பகத்துல என்னிக்காவது எங்கள உக்காரச் சொல்லியிருக்கீங்களா?" என்றது. யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி சுவரில் எழுதியிருக்கிற அமைதி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்க பெரியவர் ஒருத்தர், "அது கேக்குறது சரிதாம்ப்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்வி எங்கள் படிப்பகத்தில் வந்திருக்காது. அங்கே நாங்கள்தான் வீட்டுக்காரர்கள். பொது இடத்தில்தான் அந்த அக்காவுக்கு எங்களைக் கேட்கிற இடம் கிடைத்தது. நாங்கள் ஊரிடம் என்ன உரிமையைக் கேட்டோமோ, அதே உரிமையை அது எங்களிடம் கேட்டது. நூலகக் கூட்டம் என்பதற்கு ஒரு அர்த்தம் உண்டென்றால் அது இதுதான். சீதையா, கண்ணகியா என்று எத்தனை வருசம் பட்டிமன்றம் நடத்தினாலும் இது நடக்காது. அங்கே கேள்வி யார் வீட்டுக்கும் வருவதில்லை.

ஆகவே சில வேலைகள் இருக்கின்றன. உங்க ஊர் நூலகத்தில் 'கருக்கு' எந்தத் தட்டில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நாவலில் இருந்தால் தன்வரலாற்றுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அம்பேத்கர் தொகுதிகள் பூட்டிக் கிடந்தால் சாவி கேளுங்கள். கேட்டு, அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் கேட்டால் தொந்தரவு. பத்துப் பேர் கேட்டால் பூட்டுத் திறந்தே கிடக்கும். மாதம் ஒரு புதிய வரவைப் பற்றிக் கூட்டம் வேண்டும் என்று கேளுங்கள். அதைப் பேச, குரூப் 4 படிக்கிற பொண்ணை மேடையேற்றுங்கள். விழாவுக்கு ஆகிற செலவை நூலக ஆணைக்குழுவே கொடுக்க வேண்டும் என்று மனுப் போடுங்கள். எங்க அம்மா வரி கட்டுது. அந்த வரியில் ஒரு பொன்னாடைக்கும் நாலு டீக்கும் இடமில்லையா? அந்தப் பணம் வந்துவிட்டால் நூலகர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. தலைமை யார், முன்னிலை யார் என்று ரைஸ்மில்லில் போய்க் கேட்க வேண்டியதில்லை.

நூலக வாரம் நவம்பர் 14இல் தொடங்கும். நோட்டீஸ் அக்டோபர் கடைசியிலேயே அச்சுக்குப் போய்விடும். வாசகர் வட்டம் அதற்கு முன்னால் கூடும். அந்தக் கூட்டத்துக்கு எல்லோரும் போவோம், அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு. போகும்போது வரி ரசீதையும் எடுத்துட்டுப் போவோம்.